வெறும் காஸ்தான், அன்ரி

கோயில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது "டொக்டர்" என்று கூப்பிட்டால், "நான் அந்த டொக்டர் இல்லை" என்று உடனே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

என் முனைவர் பட்டம் எலிகளின் வயிற்றால் வந்தது. வயிற்று நரம்புக் கலங்களில் ஒளியை உணரும் புரதம் ஒன்றைப் புகுத்தி நீல வெளிச்சம் அடித்தால், சோம்பிக் கிடக்கும் வயிறு அசையத் தொடங்கும். ஒப்டோஜெனெடிக்ஸ் என்று பெயர். (அப்பா ஒஸ்லோ முழுக்கச் சொன்னது: "மகன் வயித்து டொக்டர்." எலியை வசதியாக விட்டுவிட்டார்.)

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வசந்தி அன்ரி அதை நம்பிவிட்டார்.

"தம்பி, ரெண்டு வாய் சாப்பிட்ட உடனை நெஞ்சு வரைக்கும் வந்து நிக்குது. திண்டதெல்லாம் சத்தியாய் வெளியிலை வருது. என்னவாயிருக்கும்?"

நான் வடையைக் கடித்தபடி, பெரிய நிபுணர் தோரணையில் சொன்னேன்: "வெறும் காஸ்தான், அன்ரி. வாயு கலைய இஞ்சி அவிச்சுக் குடியுங்கோ."

உணவைக் குடலுக்குத் தள்ளாத வயிற்றின் அறிகுறிகள் அவை. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருந்தேன். (நானே!)

பட்டம் முடிந்ததும் ஆய்வுச் சம்பளம் நின்றது. ஒஸ்லோவின் ஓரத்துப் புருசெத்தில், அப்பா வீட்டில், பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு வேலை தேடினேன். அப்போதுதான் முனைவர் பட்டத்துக்கு அடுத்த படியான போஸ்ட்டொக் வேலைக்கு அந்த விளம்பரம் வந்தது: அதே நீல வெளிச்சத்தை எலியிலிருந்து மனித வயிற்றுக்குக் கொண்டுவரும் ஆய்வு. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. கிடைக்காவிட்டால் ஸ்தவாங்கர் நகரில் மச்சான் வேலை செய்யும் எண்ணெய்க் கம்பனியில் என்னைச் சேர்ப்பதாக அப்பா கதைத்து முடித்திருந்தார்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் இருந்தார், அலுவலகப் பெண் ஒருவர் இருந்தார், நோயாளிகளின் பிரதிநிதியாக, கோட் போட்டுக்கொண்டு, வசந்தி அன்ரியும் இருந்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எங்கட ஆள்! வேலை கிடைத்த மாதிரித்தான்.

"இங்கே யாருக்காவது ஒருவரையொருவர் தெரியுமா?" என்று பேராசிரியர் கேட்டார். தெரிந்தவர்கள் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது என்பது நோர்வேயின் விதி. (அதைத் தமிழருக்கும் போட்டால் ஒரு கலியாணம் பேச முடியாது.) நான் அன்ரிக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, "இல்லை" என்றேன்.

அன்ரி கையை உயர்த்தினார். "எனக்கு இவரைத் தெரியும்," என்றார், பிசிறில்லாத நோர்வேஜியத்தில். "கோயிலில் என் நோயைக் கண்டுபிடித்தவர். வாயு என்றார்."

பேராசிரியர் அறிகுறிகளைக் கேட்டார். அன்ரி சொன்னார். பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். நான் நரம்பு, தசை, அசைவு என்று அத்தனையையும் பிழையில்லாமல் விளக்கினேன். முடித்ததும் அவர் மெல்லக் கேட்டார்: "அப்படியென்றால் வாயு?"

அலுவலகப் பெண் எதையோ எழுதினார்.

விதிப்படி அன்ரி எழுந்து வெளியேறினார். என் கதிரையைத் தாண்டும்போது தமிழில் சொன்னார்: "விண்டர் முழுக்க இஞ்சி குடிச்சனான், தம்பி. பிறகுதான் உண்மையான டொக்டரிட்டைப் போனனான். நீ என்னைத் தெரியாதெண்டு சொல்லாமல் இருந்திருக்கலாம்." சிமிட்டிய கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

நான் புருசெத்தில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் கதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை பேர்கன் நகரத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. அந்த மின்னஞ்சல் வந்த அன்று சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, நெஞ்சை என்னவோ செய்கிறது என்றேன்.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெறும் காஸ்தான்," என்றார். அம்மா எழுந்து போய் இஞ்சி அவித்தார்.

இப்போது ஸ்தவாங்கரில், மச்சானின் கம்பனியில் இருக்கிறேன். போன குளிர்காலத்தில் அப்பா ஐஸில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவரே போன் எடுத்தார்.

"பயப்பிடாதை, வெறும் காஸ்தான். இஞ்சை டொக்டர்மாருக்கு விளங்கேல்லை, எலும்பு எண்டு சொல்லுகினம்."