மிட்சுயோ காதுக்கு ஒரு வால்வுப் பெட்டி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. எங்கள் கோபே ஊரில் ஒரு மனிதர் தம் மனைவியின் காதுக்காக ஒரு கோடை முழுக்க வியர்த்து வழிந்த கதை என்னிடம் இருக்கிறது. உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார் ஹிசாவோ.

மிட்சுயோ ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எதிரே குட்டை மேசையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். அதன் இரண்டு கண்ணாடிக் குழல்களும் அகல் விளக்கு மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தத் 'தான்' ஹிசாவோவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஐம்பது வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அவளுடைய 'தான்' புரியாதா?

விஷயம் இதுதான். மிட்சுயோவுக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. கேட்க ஆசைப்பட்டதையெல்லாம் இப்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். வாசலுக்கு வருவதற்குள் ஹிசாவோ முடிவு செய்துவிட்டார். கமோமே கடையின் ஒலியை இவள் இன்னொரு தடவை கேட்டாக வேண்டும். சுவர் மெலிசான அடுக்கு வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பக்கத்து வீட்டார் கும்பிட்டபடி வந்து நிற்பார்கள். அதனால்தான் ஹெட்போன்.

கமோமே என்பது ரயில் பாலத்தடியில் இருந்த காபிக் கடை. ஜாஸ் இசைத்தட்டுப் போடுவார்கள். உள்ளே யாரும் வாய் திறக்கக்கூடாது. காபி வேண்டுமென்றால் விரலைக் காட்ட வேண்டும், இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். ஹிசாவோ அப்போது கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாலையானால் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவார். மூடினால் கடை அடைக்கும்போதுதான் திறப்பார்.

ஒரு மழை நாள், வாசலில் குடையைத் தேடும்போது ஒரு பெண் பக்கத்தில் நின்றாள்.

"உங்களுக்கும் இந்தப் பாட்டுன்னா உயிரா?" என்று கேட்டார்.

அவள் முகம் சிவந்து, ஆமென்று தலையாட்டினாள். அந்த ஒற்றைத் தலையாட்டலில் கல்யாணம், இரண்டு பெண்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. 'எங்களைச் சேர்த்து வெச்சதே கமோமேயோட அந்த வெதுவெதுப்பான வால்வுச் சத்தம்தான்' என்று ஹிசாவோ கல்யாண வீடு, துக்க வீடு எதையும் விடாமல் சொல்லி வந்தார். மிட்சுயோ அப்போதெல்லாம் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது மேசையில் இருந்தது இரண்டாவது பெட்டி. முதலாவது வேறு கூத்து. ஒஸாக்காவின் பழைய சாமான் கடையில் அகப்பட்டது. மிட்சுயோ அதைக் காதில் வைத்ததும் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"ஏங்க, இந்தச் சத்தம்..." என்று ஆரம்பித்தாள்.

ஹிசாவோ ஹெட்போனை வாங்கித் தம் காதில் வைத்துப் பார்த்தார். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

"ஐயையோ! முனகுது! மன்னிச்சுக்கம்மா, காலையிலேயே மாத்திட்டு வந்துடறேன்."

"இல்லைங்க, இது நல்லாயிருக்கு."

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே."

மறுநாள் முதல் ரயிலில் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் கஜித்தானி ஒலியை எப்போதும் சாப்பாட்டைக் கொண்டே விளக்குவார். "ஹிசாவோ-சான், இந்த ரெண்டாவது பெட்டியில ஒரு பொட்டு முனகல் கிடையாது. பொம்பளைக் குரல் வந்துச்சுன்னா, மிசோ சூப்புல தோஃபு மிதக்கிற மாதிரி இருக்கும்."

அந்தத் தோஃபுக்குத்தான் 'நல்லாத்தான் இருக்கு' கிடைத்தது.

ஹிசாவோ மறுபடியும் ஒஸாக்கா போனார்.

"மிதந்தது போதாதா?" என்று கஜித்தானி தாடையைத் தடவினார். "அப்ப உங்க வீட்டம்மா பெரிய ரசிகை. அவங்களுக்கு ஒடென் குழம்புதான் சரி. ராத்திரி பூரா அடுப்புல கிடந்து ஊறின முள்ளங்கி மாதிரி ஒரு சத்தம்."

மூன்றாவது பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். குழல்கள் பீர் பாட்டில் பருமன். சுவிட்சைப் போட்டதும் அறை அனல் அடித்தது. வெளியே ஆகஸ்ட் வெயில். வீட்டுப் பூனை குளியலறைத் தரையில் போய் நான்கு காலையும் பரப்பிக்கொண்டது. கணவனும் மனைவியும் கழுத்தில் ஈரத் துண்டோடு ஜாஸ் கேட்டார்கள்.

"ஏசியைப் போடுங்களேன்."

போட்டார். டப்பென்று மொத்த வீட்டுக்கும் கரண்ட் போனது. அடுக்களையில் குக்கர் நின்று, அன்றைய சோறு பாதி அரிசியாகவே தட்டுக்கு வந்தது.

"ஒடென் கேக்குறோம், சரி. சோறு கடிக்கிறோமே!" என்றாள் மிட்சுயோ.

மறுநாள் ஹிசாவோ ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டு ஓடும் நேரத்தில் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மின்சாரமும் மிச்சம், அதன் முனகலும் இல்லை. பிளக்கைத் திரும்பச் சொருகத்தான் மறந்துபோனார். காலையில் கதவைத் திறந்தால் கானாங்கெளுத்தி மீன் தெருமுனை வரைக்கும் மணத்தது.

"மீன் போனாப் போகுது" என்றாள் மிட்சுயோ. "அதை நிறுத்தாதீங்க. அது ஓடலைன்னா வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

"நீ ரசிகை! நீ போய் ஃப்ரிட்ஜ் சத்தம் வேணுங்கலாமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மீனைக் காகிதத்தில் சுற்றப் போய்விட்டாள்.

அன்று மாலை ஹிசாவோ ஒரு பாட்டுப் போட்டார். அதில் ஒரு இடத்தில் தாளத்தட்டு மழைத்தூறல் மாதிரிச் சலசலக்கும்.

"கேட்டியா, தூறல்?"

"எப்ப?" என்றாள் மிட்சுயோ.

நாள் குறுகிக்கொண்டு வருகிறது. இனிமேல் ஊகித்துப் பயனில்லை, கமோமேயைத் தெரிந்த ஆள் வேண்டும். முதலாளி காலமாகிவிட்டார். ஆனால் காபி பரிமாறிய ஃபுசாயே இருந்தாள். அதே பாலத்தடியில் உருளைக்கிழங்கு கொரொக்கே பொரித்து விற்றாள். பேசாத கடையில் அத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கெல்லாம் சேர்த்து, இப்போது ஒரு கொரொக்கேக்கு ஒன்பது பேச்சுப் பேசுவாள்.

"கமோமேவா! ஸ்பீக்கருக்கு அடியில தூங்குவீங்களே, அந்த ஹிசாவோ-சானா?"

"தூங்கலைம்மா. கேட்டுக்கிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்து, சூடான கொரொக்கேயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். வாசலில் அவளைப் பார்த்த மிட்சுயோவுக்கு முகம் வெளிறியது.

"அடேயப்பா, மிட்சுயோ-சான்! நீங்களா இவர் வீட்டுக்காரி?" என்று ஃபுசாயே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு ஹிசாவோவைப் பார்த்தாள், மறுபடி மிட்சுயோவைப் பார்த்தாள், பொங்கி வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

ஹிசாவோவுக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்? ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார். ஃபுசாயே கண்ணை மூடினாள். மெல்லத் தலையாட்டினாள். கண்ணோரம் ஈரமாகிவிட்டது.

"அப்படியே கமோமே! முதலாளி வந்து பின்னால நிக்கிற மாதிரி இருக்கு."

ஹிசாவோவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேளு மிட்சுயோ, இப்பக் கேளு!"

மிட்சுயோ கேட்டாள். பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

ஹிசாவோ பாயில் பொத்தென்று உட்கார்ந்தார். இது கோபமில்லை, கண்ணுகளா. அழுகைக்கு முந்தின குரல்.

"உன் காதுல சத்தம் இருக்கும்போதே இதை உனக்குக் குடுத்துடணும்னுதானே இந்தப் பாடு! அதே சத்தம்னு அவங்களே சொல்றாங்க. தினம் தினம் ஒரே கடையில உக்காந்து நாம சேர்ந்து கேட்டதுதானே? இன்னும் என்ன குறையுது?"

ஃபுசாயேவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இவங்களுக்கு இது எப்படிங்க தெரியும்? இவங்க எங்க கேட்டாங்க?"

"ஃபுசாயே-சான், வேண்டாம்..." என்றாள் மிட்சுயோ.

"அந்தக் காலத்துல பேசக்கூடாதுன்னாங்க, பேசல. இப்பவுமா? ஹிசாவோ-சான், இவங்க உக்காந்தது அடுக்களை வாசல் மூலையில. பெரிய ஐஸ்கிரீம் பெட்டிக்கு முதுகைக் குடுத்துக்கிட்டு. அது 'ம்ம்ம்'னு முனகும் பாருங்க, அங்க பாட்டே காதுல விழாது. காசு குடுத்துட்டு எவனும் அங்க உக்கார மாட்டான். நானே எத்தனையோ தடவை நல்ல சீட்டைக் கைகாட்டியிருக்கேன். மாட்டேன்னு தலையாட்டிடுவாங்க."

முனகிய முதல் பெட்டியும், அதைக் கேட்டு மலர்ந்த முகமும், பிடுங்கிப்போட்ட பிளக்கும் ஒவ்வொன்றாய் ஹிசாவோவின் கண்முன் வந்து நின்றன.

"பாட்டே கேக்காத மூலையில எதுக்கு மிட்சுயோ உக்காந்தே?"

மிட்சுயோ இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். எழுபது வயதுக்காரியின் காது நுனி அந்தக் குழல்களைவிடச் சிவந்திருந்தது.

ஃபுசாயே ஒரு கொரொக்கேயைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அங்க உக்காந்தாத்தானே, ஸ்பீக்கருக்குக் கீழ கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற உங்க மூஞ்சி நேராத் தெரியும்!"

நல்லது, கண்ணுகளா. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓயாமல் முனகட்டும், உள்ளே மீன் கெடாமல் இருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடியிருக்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும்.