சங்கமித்ரா இன்னும் ஆய் போகவில்லை

மதிப்பிற்குரிய அத்தை குப்பம்மா அவர்களுக்கு,

மணலியிலிருந்து மருமகன் பீம்ராவ் ஜெய்பீம் சொல்லி எழுதுவது. புளியந்தோப்பில் நீங்களும் உங்கள் முட்டிவலியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் சௌக்கியமில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி சங்கமித்ரா, நீங்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய அன்று காலையில் ஆய் போனவள்தான், அதன் பிறகு போகவே இல்லை. பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள், என் சட்டையைத் தவறாமல் நனைக்கிறாள். மற்றது வரவில்லை. உங்கள் மகள் செங்கொடி, "எங்கம்மா வயித்தெரிச்சலோட போச்சு, அதான் கொயந்தைக்கு அடைச்சிக்கினு கீது" என்று சொன்னதோடு சரி, என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு காத்தூன் பீவியிடம் சொல்லியனுப்புகிறாள்.

நான் என்ன கொலையா செய்தேன் அத்தை? ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார், நீங்கள் கலக்கிய சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டினேன். கொட்டியது சரி. உங்கள் கண் முன்னால் கொட்டியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் போனதும் தெருவில் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். காத்தூன் பீவி விளக்கெண்ணெய் என்கிறார், நான் வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் ஒரு தோஸ்து வெற்றிலைக் காம்பு என்கிறான், இன்னொருத்தன் சோப்புத் துண்டு என்கிறான், இவன் பெத்ததெல்லாம் எப்படி உயிரோடு இருக்குதோ தெரியல. எதையும் நான் கிட்டே விடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்சம்மாவிடமே ஓடினேன். வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, நன்றாகக் குடிக்கிறாள், மூத்திரம் போகிறாள், தாய்ப்பால் குடிக்கிற ரெண்டு மாசப் பிள்ளை சில நாள் போகாமலும் இருக்கும், வயிறு உப்பினாலோ வாந்தி, காய்ச்சல் என்றாலோ உடனே கொண்டுவா என்றார். சரின்னு வந்துட்டேன். மனசு கேக்குதா? கன்டெய்னர் கதவைத் திறந்து உள்ளே பார்க்கிற உத்தியோகம் எனக்கு, வீட்டிலும் அதே வேலையாகத் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கினு இருந்தேன். இனிமேல் தொட்டில் பக்கம் வரக்கூடாதென்று காலையில் காத்தூன் பீவி வழியாக உத்தரவு வந்துவிட்டது.

இந்தப் பேஜாரு போதாதென்று, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து இங்கத்திய கெமிக்கல் கம்பெனி நாத்தம். வழக்கமா வர்றது இல்ல, புதுசு. செங்கொடி இப்பதான் கண் அசந்தா, குழந்தையும் தூங்குது, ரெண்டு பேருக்கும் ஆகாதேன்னு ஜன்னலெல்லாம் சாத்தினேன். சாத்தச் சாத்த அதிகமாவுது. என்னத்தைத்தான் திறந்து விடுறானுங்களோ. புகார் நம்பருக்குப் போன் போட்டேன், காத்துல நாத்தத்தை அளக்கிற மிஷினோட ஆபீசர் பக்கத்துத் தெருவிலதான் இருக்காராம், வர்றாராம். ஆய் போகாத பொண்ணு, பேசாத பொண்டாட்டி, மூச்சு விட முடியாத ஊரு. என்னால முடியல அத்தை. குழந்தை போனாத்தான் செங்கொடி பேசுவா, நீங்க வந்தாத்தான் குழந்தை போகும்போல. அதுக்காகவாவது வந்துடுங்க.

வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம். உங்கள் ஆசி என் தலைமேல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேத்தியின் வயிற்றின்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேறு கதியில்லாத மருமகன்
பீம்ராவ்

பின்குறிப்பு: ஆபீசர் வந்தார். தெருவில் மிஷின் ஒன்றும் காட்டவில்லை. வீட்டுக்குள் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வேடிக்கை பார்க்க அவர் பின்னாலேயே வந்த காத்தூன் பீவி நேரே தொட்டிலுக்குப் போய்த் துணியை விலக்கி, "கம்பெனி இன்னா பண்ணும் நைனா, எல்லாம் உன் பொண்ணுதான்" என்றார். முதுகு வரைக்கும் போயிருந்தாள். செங்கொடி எழுந்து பார்த்துச் சிரித்தாள், அப்புறம் அழுதாள், "மூக்குகூட இல்லியா உனக்கு" என்று என்னிடமே கேட்டாள். புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை, நாளைக்கு எப்படியும் தேவைப்படும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், உங்களைக் கூப்பிட இப்போது என்னிடம் ஒரு காரணமும் இல்லை. சும்மாவே வாங்க அத்தை.