என் மகள் கௌரவமாகத் தோற்க வேண்டும்

துமாகெத்தே,
ஞாயிறு, மழை.

மதிப்புக்குரிய அக்கா ரெமெடியோஸ் அவர்களுக்கு, தம்பி தெயோ பணிவுடன் எழுதுவது. மிலானில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் கிழவர் இன்னும் உயிரோடு இருப்பார் என்றும், உங்கள் முழங்கால் அந்த ஊர்க் குளிருக்குப் பழகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரி நெனித்தாவும் நாய்களும் சௌக்கியம். நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சாக்லேட்டில் சோப்பு வாசனை இருந்தது. சாப்பிட்டுவிட்டோம்.

போனில் எழுதினால் நெனித்தா படித்துவிடுவாள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசியில் நம் பெண் கிளாரிபெல், கல்லூரி மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். அவள் தோற்க வேண்டும் என்று அங்குள்ள பேராலயத்தில் நீங்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். படுதோல்வி வேண்டாம். தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரும்படியான சின்னத் தோல்வி போதும்.

பெற்ற தகப்பன் இப்படிக் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். ஜெயித்தால் அவளுடைய முதல் கையெழுத்தே, கல்லூரி எல்லைக்குள் பிளாஸ்டிக் தம்ளரும் ஃபிளெக்ஸும் கூடாது என்பதுதானாம். நம் ஃபிளெக்ஸ் கடை இருப்பதோ கல்லூரி வாசலில். நம் ஊர் உங்களுக்குத் தெரியும். ஒருவன் பரீட்சையில் தேறினாலும், ஞானஸ்நானம் பெற்றாலும், துபாயிலிருந்து திரும்பினாலும், அவன் முகம் ஃபிளெக்ஸில் ஏறினால்தான் அது நடந்ததாக அர்த்தம். சாந்தோஸ் வாத்தியாருக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது, கல்லையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தவன் நான்.

"நீ சாப்பிடுற சோறு, படிக்கிற படிப்பு, போட்டிருக்கிற செருப்பு, எல்லாமே ஃபிளெக்ஸ்தாண்டி" என்று அவளிடமே சொன்னேன்.

"தெரியும்பா. அதனாலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

எதிர்த்து நிற்பவன் ஜுன்ஜுன், கட்டட கான்ட்ராக்டரின் மகன். மரியாதை தெரிந்த பையன். தன் ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் நம் கடையில்தான் போட்டான். "மாமா, பல்லை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. வாசல் முழுக்க அவன் பல். நம் பெண்ணோ பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் சாக்பீஸால் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். மழை வந்து அதையும் துடைத்துவிட்டுப் போனது.

அக்கா, மத்தியானம் சாப்பிட்டதும் நான் ஃபிளெக்ஸ் சுருள்கள் மேல் சாய்ந்துகொள்வது வழக்கம். மெஷின் முனகிக்கொண்டே இருக்கும். கண் பாதி மூடியிருக்கும்போது அதன் வாயிலிருந்து முகங்கள் நெற்றி முதலாக மெல்ல மெல்ல இறங்கும். ஒரு வாரமாக ஜுன்ஜுன்தான் இறங்கிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், இறங்குவது கிளாரிபெல்லின் நெற்றி. அப்புறம் புருவம். பிறந்தபோதும் இவள் இப்படித்தான் அவசரமே இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். சுவர் அகலத்துக்கு இருந்தாள். கீழே "பிளாஸ்டிக் வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தூக்கத்தில் கை செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

மை காயட்டும் என்று கூரைமேல் விரித்தேன். காத்து வந்துச்சு பாருங்க, அப்படியே தூக்கிடுச்சு. தூங்குமூஞ்சி மரங்களுக்கு மேலே அதே சுளிச்ச முகமா மெதுவா போறா. நடுவுல ஒரு தரம் புரண்டு படுத்தா. அப்புறம் கடல் பக்கம் திரும்பினா. நான் கூப்பிடக்கூட இல்லை, வாயைத் திறந்துக்கிட்டு நின்னேன். நம்ம குடும்பத்துல உங்களை விட்டா அவ்வளவு அழகாப் பயணம் போனவங்க யாரும் கிடையாது அக்கா.

நேற்றுச் சாயங்காலம் கடற்கரைச் சுவர் ஓரமாக வேட்பாளர்கள் பேசும் கூட்டம். கடலில் எவ்வளவு பிளாஸ்டிக் மிதக்கிறது என்று கிளாரிபெல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, அலைமேல் மல்லாந்தபடி, அவளே மிதந்து வந்து சேர்ந்தாள்.

ஜுன்ஜுன் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "அக்கா, உங்க பேச்சைக் கேக்க நீங்களே வந்துட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இவள் பேச்சை நிறுத்திவிட்டுப் படியிறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய், தன்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். "இதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்றேன். எங்கப்பா அடிச்சது. உப்புத் தண்ணில இத்தனை நாள் கிடந்தும் மை கரையவே இல்ல, பாருங்க" என்றாள். கைதட்டல் ஓயவில்லை. தொழில்காரன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, என் மூக்கு அவ்வளவு பெருசா?"

"அளவு அப்படிம்மா" என்றேன். கண்ணாடி முன் போய் நின்றுகொண்டாள். ஆனால் இன்று காலை பூசையில் ஊரே அவள் பேரைத்தான் சொல்கிறது. ஜெயித்துவிடுவாள் போலிருக்கிறது. மெழுகுவர்த்தி பெரியதாக இருக்கட்டும்.

அங்குள்ள புனிதர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். மாதா உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தெயோ

பி.கு.: மழையில் தபாலாபீசுக்குப் போக முடியாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்று தேர்தலும் முடிந்தது. பதினோரு ஓட்டில் தோற்றுவிட்டாள். நான் கேட்டபடியே, கௌரவமாக. மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள். கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரி வாசலில் நின்று மறுபடி எண்ணச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன். இந்த ஈரத்தில் பதினோரு சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். காவலாளி உட்கார நாற்காலி கொடுத்தான். மீதியை அதிலிருந்துதான் எழுதுகிறேன். கிளாரிபெல் வந்தாள். "அப்பா, வாங்க வீட்டுக்கு. நான் தோத்தா உங்களுக்குத்தானே நிம்மதி?" என்றாள். "எந்த மடையன் சொன்னான்?" என்றேன். அதே நாற்காலியில் என்னை நகர்த்திவிட்டுப் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். ஜுன்ஜுன் மாலையும் கழுத்துமாக வந்து, "மாமா, எல்லாருக்கும் நன்றின்னு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கணும், கடை எப்ப திறப்பீங்க?" என்றான்.

"எண்ணி முடிக்கட்டும் தம்பி" என்றேன்.