கரடியாரிடம் சொல்லாத கட்டி

ஒரு காட்டில் சடையப்பன் என்ற கரடியார், மனைவி கோமளத்தோடும் அவள் தம்பி துரைக்கண்ணுவோடும் ஒரே குகையில் வாழ்ந்து வந்தார். ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத ஜீவன். அவர் ஈரலில் கட்டி வந்துவிட்டது. புற்றுநோய்.

கொக்கு டாக்டர் கோமளத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "கட்டியோட குணம் ரத்தத்துல தெரியும்மா. அதுல நோயோட அளவு கம்மின்னா ஆபரேஷன் பண்ணிடலாம், நல்லா இருப்பார். எக்கச்சக்கமா இருந்தா கத்தி வெச்சும் பிரயோஜனமில்ல."

"சரிங்கய்யா. அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க."

சாயங்காலத்துக்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. முயலும் முள்ளம்பன்றியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"வாயுத் தொல்லைக்கா இத்தனை ஆரஞ்சு?" என்று கேட்டார் சடையப்பன்.

ரத்தம் எடுப்பது அட்டை நர்ஸ். அதற்குக் கண் தெரியாது. நீட்டின கையைக் கடித்து, ருசி பார்த்து அளவு சொல்லும். ஆனால் கையில் அட்டை ஏறினால் அவருக்குச் சந்தேகம் வராதா?

துரைக்கண்ணு நெஞ்சைத் தட்டினான். "நான் எதுக்குக்கா இருக்கேன்? அத்தானும் நானும் ஒரே தேன்கூட்டுல சாப்பிடறவங்கதானே! என் ரத்தத்தைக் குடுக்கறேன்."

"உன்னை மாதிரி தம்பி யாருக்குடா வாய்க்கும்!"

"சடையப்பன் யாரு?" என்றது அட்டை. துரைக்கண்ணு கையை நீட்டினான். ஒரு வாய் உறிஞ்சியதுமே அட்டையின் முகம் சுருங்கியது. அளவு எக்கச்சக்கம்.

ஆபரேஷன் வேண்டாம் என்றாகிவிட்டது. கோமளம் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். துரைக்கண்ணுதான் ஊரைக் கூட்டி அழுதான். "அத்தான் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்!"

சடையப்பன் எழுந்து வந்தார். "எங்கடா போறேன் நான்?"

விஷயம் வெளியே வந்தது.

"சாகப்போறவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கோமளம்?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதான்..."

"என்னை எந்த அட்டையும் கடிக்கலையே. பின்னே யாரு ரத்தத்தைப் பாத்தாங்க?"

சடையப்பன் தானே நடந்துபோய்க் கையை நீட்டினார். ஆண்டவன் கருணை, அளவு கம்மி. கட்டியை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

தையல் பிரித்த அன்று டாக்டர் கேட்டார்: "அப்ப முதல்ல பாத்த ரத்தம் யாரோடது?"

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் துரைக்கண்ணு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வாங்க. மறுபடி ரத்தம் பாக்கணும்."

கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அவனுக்கு மட்டும் சொல்லிராதீங்க!"

"வாயுன்னு சொல்லி வைப்போம்" என்றார் சடையப்பன். "பாவம், பயந்த சுபாவம்."

மறுநாள் அட்டை கூப்பிட்டது. "துரைக்கண்ணு யாரு?"

"நான்தாம்மா" என்று சடையப்பன் கையை நீட்டினார்.

நீதி: ரத்தம் பொய் சொல்லாது. அதனால்தான் பாசமுள்ள குடும்பத்தில் யாரும் நோயாளியின் ரத்தத்தைக் கேட்பதில்லை.