ராகி சுட்ட காலை

எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு ஆராய்ச்சியைக் கெடுக்க அந்தப் படிப்பு தாராளமாகப் போதும்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு விதை ஆராய்ச்சிக்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். ஒரு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். (பிடிக்காவிட்டால் மறுபடி தக்காளி பறிக்க வேண்டும்.)

அங்கே விஞ்ஞானியாக இருந்த மேடத்துக்கு ராகியில் ஆராய்ச்சி. விதையிலிருந்து வளர்த்த மஞ்சள் கட்டிகள், பத்து பிளாஸ்டிக் தட்டில். நாலு மாத உழைப்பு. மாதம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது மேடம் சொன்னார்:

"அக்கா, நாளைக்குக் காலைல ராகி சுடணும். நான் வர்றதுக்குள்ள தட்டெல்லாம் ரெடியா வெச்சிருங்க."

"சுடறதுதானுங்களே? நான் பாத்துக்கறேனுங்க."

ராகி சுட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? காலையில் முதல் ஆளாகப் போனேன். கண்ணாடிக் குடுவைகளைக் காயவைக்கும் ஓவனில் எட்டுத் தட்டு பிடித்தது. பிளாஸ்டிக் தாங்குமா என்று ஒரு நொடி யோசித்தேன். படித்தவர்கள் வாங்கியது, தாங்கும் என்று சூட்டை ஏற்றினேன்.

தாங்கவில்லை.

மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னக்கா நாத்தம்?"

"முக்காவாசி வெந்துருச்சுங்க. மீதி ரெண்டு தட்டு அடுத்த ஈடு."

ஓவனைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். (நானும் உட்கார்ந்தேன். அவர் கீழே, நான் மேலே என்றால் மரியாதை இல்லை.)

"அக்கா, சுடறதுன்னா துப்பாக்கில சுடறது!"

"ராகியவா? அது என்னங்க பண்ணுச்சு?"

பிறகு விளக்கினார். தங்கத் துகளில் புது மரபணுவைத் தடவி, வாயு அழுத்தத்தில் ராகிக் கட்டியின் செல்லுக்குள் சுட்டு ஏற்றுவார்களாம். அந்த எந்திரத்துக்குத்தான் துப்பாக்கி என்று பேர். நான் தினமும் துடைத்த பெட்டி அது. (மிக்சி என்று நினைத்திருந்தேன்.)

பையை எடுத்தேன். "கெளம்பறேனுங்க."

மேடம் மிச்ச ரெண்டு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். "எங்க போறீங்க? ஷூட்னு சொல்லியிருக்கணும், தப்பு எம்மேல. வந்து அந்தப் பெட்டிக் கதவப் புடிங்க."

சுட்டார். 'டப்' என்றது. அவ்வளவுதான்.

அந்த ரெண்டு தட்டிலிருந்து நாலு நாற்று வந்தது. மேடத்துக்கு அது போதுமாம். எனக்கு வேலை நிலைத்தது. ஓவனுக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள். சாவி என்னிடம் இல்லை.

இப்போதும் நான் ராகி அடை போட்டால், விருந்தாளிகள் முன்னால் என் வீட்டுக்காரர் கேட்பார்: "ஏ புள்ள, இது அடுப்புல சுட்டதா, துப்பாக்கில சுட்டதா?"

"இவங்களுக்கெல்லாம் அடுப்புலதான். உங்களுக்கு இன்னும் குறி பாத்துட்டிருக்கேன்."