தெரியாதவங்க பாடம்

"எங்கப்பா இல்ல! எங்கப்பா இல்ல!"

சிம்ரன் போட்ட கூச்சலில் கள்ளிக்குப்பத்து மழலையர் பள்ளியே அதிர்ந்தது. வழக்கமாக அம்மாதான் கூட்டிப்போக வருவாள். இன்று ஹெல்மெட்டோடு உள்ளே வந்த அப்பா ஜெகன் அவசரமாக அதைக் கழற்றினான். கழற்றியும் கூச்சல் நிற்கவில்லை. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா மிஸ் சொல்லிக் குட்த்தீங்க? பெத்த அப்பனையே தெரியாதுன்னுது!"

பவித்ராவுக்கு டீச்சராக முதல் வருடம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையில்தான் ஆசை ஆசையாக ஒரு பாடம் நடத்தியிருந்தாள். தெரியாதவங்க கூப்பிட்டால் போகக் கூடாது, மிட்டாய் நீட்டினால் வாங்கக் கூடாது, கத்த வேண்டும். குழந்தைகள் இவ்வளவு நன்றாகப் பேச்சைக் கேட்கும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

தாளாளர் பக்தவத்சலம் பாடத்தின் நடுவிலேயே வந்து எரிந்து விழுந்தார். "ஏபிசிடி சொல்லிக் குடும்மான்னா பயமுறுத்துறியா? என் பேரனுக்கு இந்தக் கண்றாவி வேணாம்" என்று கோகுலைத் தன் அறைக்கு இழுத்துப் போய்விட்டார்.

"சிம்ரன், இவர் உங்கப்பாதான்டா செல்லம். மிஸ் சொல்றேன்ல?"

"யாரு சொன்னாலும் நம்பாதேன்னு நீதானே மிஸ் சொன்ன!"

சமாதானம் செய்வதாக நினைத்து ஜெகன் பாக்கெட்டிலிருந்து சாக்லேட்டை எடுத்து நீட்டினான். போச்சு! மொத்த வகுப்பும் ஒரே குரலில் அலறியது. தெருவில் போனவர்கள் ஓடிவந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்கள்.

"புள்ள புடிக்கிறவனாடா நீ?"

"யோவ், என் பொண்ணுய்யா அது! பாடி கம்பெனில ஷிப்டுக்கு லேட்டாவுது, வுடுய்யா!"

பவித்ரா நடுவில் புகுந்து விலக்கினாள். அவளைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக் குழந்தைகள் இன்னும் பலமாகக் கத்தின.

அறைக் கதவைக்கூடச் சாத்தாமல் பக்தவத்சலம் பாய்ந்து வந்தார்.

"என் மானம் போச்சு! நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்!"

பவித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும். "நான் சொல்லிக் குடுத்ததுல என்ன சார் தப்பு?"

"தப்பா? இங்க கத்தாத ஒரே குழந்தை என் பேரன்தான். ஏன்? உன் பாடத்தை அவன் கேக்கல!"

அப்போது வாசல் கேட் திறந்தது. பஞ்சு மிட்டாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் ரோஸ் கலரோடு கோகுல் நின்றான்.

"மிட்டாய் வோணுமா, வான்னு சும்மா வெளாட்டுக்குக் கூப்ட்டேன் சார். மெயின் ரோடு வரிக்கும் கூடவே வந்துட்ச்சு. யாரு ஊட்டுப் புள்ள சார் இது?"