குடை பிடித்த முயலும் ஒரு ஜெபச் சீட்டும்

ஆமத்தூர்,
செப்டம்பர் 7, ஞாயிறு மாலை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் அனுப்பிரியா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். முழங்காலும் மாடிப்படி இல்லாத இடங்களில் நலமாகவே இருக்கிறது. அங்கே தாங்களும் பாண்டிமீனா சித்தியும் சுகமாக இருப்பதை, சித்தி தினமும் விடியுமுன் அனுப்பும் காலை வணக்கப் படங்களிலிருந்து தெரிந்துகொள்கிறோம். கோயம்புத்தூரில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே வழக்கம்போல் வெயிலுக்குக் குறைவில்லை.

நிற்க. போன வாரம் தாங்கள் போனில் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியின் டிசைன் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் பிரீத்திகா எப்படிப்பட்ட பெண்? சிவகாசி அச்சகத்தில் ஆறு வருடமாக என் பக்கத்து மேஜையில் இருப்பவள் என்பதால் என்னைக் கேட்டீர்கள். நானும் சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். "நல்ல பொண்ணு சித்தப்பா, ஆனா..." என்று சொல்லி நிறுத்தினேன். "என்ன ஆனா?" என்றீர்கள். "ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றேன். யோசித்துப் பார்த்தால், ஒருத்தியைக் கவிழ்க்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. நான் பொய் சொல்லவில்லை, குறை என்று ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்த நாவல்களில் எல்லாம் கெட்டவர்கள் கடிதத்தை மாற்றி வைத்து, ஆள் பிடித்து, விஷம் வாங்கி, என்னென்னவோ பாடுபடுகிறார்கள். எனக்கு இரண்டெழுத்து போதுமாயிருந்தது.

தாங்கள் விடவில்லை. "போன்ல எல்லாரும் நல்லவுகதான். பேப்பர்ல எழுதி அனுப்பு, எழுதுறப்ப பொய் சொல்லக் கை கூசும். முப்பதாம் தேதிக்குள்ள வந்து சேரணும், அதுக்கு மேல வேற ஆளப் போட்ருவோம்" என்றீர்கள். ஆகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை நன்றாகவே கூசுகிறது.

அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்வதற்கு, என் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் நானும் அவளும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். அவள் பட்டாசு லேபிளுக்குப் படம் வரைவாள், நான் அதிலுள்ள எழுத்தைப் புரூஃப் பார்ப்பேன். ஆனால் அங்கே நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் "மயில் வால்ல செவப்பு ஜாஸ்தி", "எச்சரிக்கைய இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்ற அளவில்தான். ஞாயிறன்றுதான் பேச்சு. காலையில் ஆமத்தூரில் பஸ் ஏறி, அவள் தெருவிலிருக்கும் ஆலயத்தில் அவளோடு ஆராதனைக்கு உட்காருவேன். அம்மா நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்புவாள், "அங்கயும் சாமிதான, சத்தம் போடாம இருந்துட்டு வா" என்பாள். அந்தத் திருநீற்றை இதுவரை அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாடகர் குழுவின் ஞானப்பூ அக்கா எனக்கு மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம்கூடப் பிடித்து வைப்பார். ஆராதனை முடிந்ததும் பேக்கரியில் ஒரு தேங்காய் பன், இரண்டு டீ. பன்னை அவள்தான் பிய்ப்பாள், ஆறு வருடமாகப் பெரிய பாதி எனக்குத்தான் வருகிறது. பிறகு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த புத்தகங்களைக் கிளறுவேன், அவள் கடைக்காரர் ராஜபாண்டியனோடு பேச்சுக் கொடுத்து அவர் என்னைத் திட்டாமல் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன். அவ்வளவுதான் சித்தப்பா. எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வரவில்லை. இந்த அரைப் பக்கத்தைக் காப்பாற்றத்தான் அந்த ஆனா.

ஆனாவோடு நின்றிருந்தால் மனுஷி. நான் மேலிடத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டேன்.

ஆலயத்தின் பின்பக்கம் ஜெப விண்ணப்பப் பெட்டி என்று ஒன்று உண்டு. சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் அதற்காக ஜெபிப்பார். பழைய போதகர், பாவம், கண் சரியில்லாதவர், பெட்டியை மொத்தமாகத் தூக்கி அதன்மேல் கைவைத்து, "ஆண்டவரே, இதுக்குள்ள இருக்கது எல்லாம் உமக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார். இதைவிட நாகரிகமான ஏற்பாடு உலகத்தில் உண்டா? என்னைப் போல வாயைத் திறக்காத ஆளுக்காகவே செய்தது போல இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இன்று காலை ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். புதுப் போதகர் போன மாதம் சாத்தூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் பெட்டியைத் திறந்தார். சித்தப்பா, திறந்தார்! முதல் சீட்டை எடுத்து, "இன்னைக்கு முதல் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாசிச்சு, சபையா சேந்து ஜெபிப்போம்" என்றார். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

முதல் சீட்டு யாருக்கோ மூட்டுவலி. இரண்டாவது யாரோ ஒருவருடைய மகனுக்கு அரியர் பரீட்சை. மூன்றாவது சீட்டைக் கையில் எடுத்தவர், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால், கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டி வாசித்தார்:

"பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி. என் சிநேகிதிக்கு வெளியூரில் கிடைக்கவிருக்கும் வேலை, அவளுக்கு வருத்தம் ஏற்படாத வகையில், கிடைக்காமல் போவதற்காக."

போதகர் ஏதோ தவறாக வாசித்துவிட்டோம் என்று நினைத்து, இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாக, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். 'அவளுக்கு வருத்தம் ஏற்படாத வகையில்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கூட வாசித்தார். நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை, அது யார் அச்சடித்தது என்பது வரை, படித்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, பெயர் இல்லையே, யாருக்கும் தெரியாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

நம்ம ஊர்ப் பழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. சிவகாசியில் குறிப்பெழுத யாரும் பேப்பர் வாங்குவதில்லை. அச்சகத்து வேஸ்ட் ஷீட்டை வெட்டி, பின்பக்க வெள்ளையில் எழுதுவோம். பலசரக்குப் பட்டியலோ, டாக்டர் வீட்டு டோக்கனோ, எதைத் திருப்பினாலும் ஒரு மத்தாப்போ ஒரு சாமியோ இருக்கும். அதனால் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை, எழுதும்போது நானும் பார்க்கவில்லை. போதகர் கையை நீட்டிப் பிடித்திருந்த சீட்டின் மறுபக்கம் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பச்சைக் கால்சட்டை போட்ட ஒரு முயல், மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு, சபையாரைப் பார்த்துச் சிரித்தது. அதற்குக் கீழே, நானே பெரிதாகப் போடச் சொல்லிப் போட்ட எழுத்தில், 'பற்ற வைத்தவுடன் விலகி நிற்கவும்.'

அது இன்னும் அச்சேறாத லேபிள் சித்தப்பா, நான் வெட்டி எழுதியது அதன் புரூஃப் தாள். கடைசி நேரத்து ஆர்டர், தரைச்சக்கரப் பெட்டிக்கு. உலகத்தில் அந்த முயலைப் பார்த்திருந்தவர்கள் மூன்றே பேர். வரைந்த பிரீத்திகா, புரூஃப் பார்த்த நான், "மொயலுக்கு எதுக்கும்மா கொடை?" என்று கேட்ட முதலாளி. அந்த மூவரில் ஒருத்தி என் வலது தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போதகர் நல்ல மனுஷர். கண்ணை மூடி, "ஆண்டவரே, அந்த சிநேகிதிக்கு எது நல்லதோ அதச் செய்யும். இந்தச் சீட்ட எழுதுன சகோதரியையும் கொஞ்சம் கவனியும்" என்று ஜெபித்தார். சபையார் ஆமென் சொன்னார்கள். என் காதுக்கு மிக அருகில் ஒரு ஆமென் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

வெளியே வந்ததும் ஞானப்பூ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருன்னு தெரியல அனு, ஆனா எம்புட்டு நெஞ்சழுத்தம் பாத்தியா? கூட இருந்தே குழி தோண்டுறவுக இப்படித்தான், பாத்தா பூன மாதிரி இருப்பாக" என்றார். நான் பூனை மாதிரி நின்றுகொண்டு, "ஆமாக்கா, இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல" என்றேன். இதையும் சொன்னேன் சித்தப்பா. இன்று நான் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை.

பேக்கரிக்குப் பிரீத்திகா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். பன் வந்தது. பிய்த்தாள். பெரிய பாதியை அவளே எடுத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் முறை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவத்துக்காக அல்ல, பன்னுக்காக என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

"ஏட்டி" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. "இந்தச் சிவகாசியில ஒத்தெழுத்துகூடத் தப்பில்லாம கெடுதல் நினைக்க உன்னாலதாண்டி முடியும். 'வருத்தம் ஏற்படாத வகையில்!' சாமிக்கே புரூஃப் பாத்து அனுப்பிருக்க."

"கோவமா இருக்கியா?"

"இல்லாம? நான் போனா உனக்கு என்ன, யாருமேயில்லாமப் போயிருவியா? பஸ்ஸுல பக்கத்துல உக்காருற ஆளுட்ட ரெண்டு வார்த்த பேசு. ராஜபாண்டியன் அண்ணன் உன்னைய ஊமைன்னே நெனச்சிட்டு இருந்தாரு, தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டு வருசமா. நானும் இல்லன்னு சொல்லல."

பிறகு அவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைக் கையால் காட்டினாள். அதுவும் அவள் போட்ட டிசைன்தான். "அனு, நான் ஆறு வருசமா வரைஞ்சது அம்புட்டையும் ஊரே கிழிச்சு, கொளுத்திப் போட்டாச்சு. மயிலு, மானு, ரயிலு, ஒண்ணு மிச்சமில்ல. இந்தக் காலண்டரும் டிசம்பரோட சரி. ஒரு பெட்டியாவது வரைஞ்சா, யாராவது உள்ள சாமானத் தின்னுட்டு, பெட்டிய அலமாரியில வச்சிக்கிருவாகல்ல? ஊசி நூல் போட்டு வச்சிக்கிருவாக. அது போதும் எனக்கு" என்றாள்.

நான் எத்தனையோ புத்தகம் படித்தவள் என்று வீட்டில் பேர். இது எனக்கு ஆறு வருடத்தில் தோன்றவே இல்லை.

ஆகவே சித்தப்பா, தாங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். பிரீத்திகா நல்ல பெண். நேரத்துக்கு வருவாள். கேட்ட கலரைக் கேட்டபடி போடுவாள், தப்பான கலரைக் கேட்டால் முகத்துக்கு நேரே சொல்வாள், இரண்டும் தங்கள் கம்பெனிக்கு வேண்டும். முயலுக்கு எதற்குக் குடை என்று தாங்கள் கேட்டால், தரைச்சக்கரத்துப் பொறி மேலே விழாமல் இருக்க என்று யோசித்து வைத்த பதில் ஒன்று அவளிடம் இருக்கும். அவளிடம் ஆனா எதுவும் இல்லை. இருந்த ஒரே ஆனா நான்தான். அதை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவளை விட்டால் தங்களுக்குத்தான் நஷ்டம். கடிதத்தை நாளைக் காலையில் முதல் வேலையாகத் தபாலில் சேர்ப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.

சித்திக்கு என் அன்பு. காலை வணக்கப் படங்களில் ரோஜாப்பூவைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிட்டு வேறு பூ அனுப்பச் சொல்லி அம்மா கேட்டுக்கொள்கிறாள். அப்பா தங்களைத் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். தங்கள் ஆசி என்றும் வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலும் வெட்கமும் உள்ள
அனுப்பிரியா

பின்குறிப்பு (செப்டம்பர் 28, ஞாயிறு, பேக்கரி): மேலே உள்ள தேதியைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். இந்தக் கடிதம் இருபத்தொரு நாளாக என் கைப்பையில் இருந்தது. முதல் வாரம் தபால்தலை இல்லை. இரண்டாம் வாரம் தபால்தலை இருந்தது, கவர் கசங்கிவிட்டது. மூன்றாம் வாரம் சொல்லிக்கொள்ளக் காரணமே இல்லை, பேக்கரியில் பெரிய பாதி திரும்ப எனக்கே வரத் தொடங்கியிருந்தது. இன்று பிரசங்கத்தின் நடுவில் பிரீத்திகா இருமல் மிட்டாய் தேடி என் பைக்குள் கையை விட்டு, இதை எடுத்துவிட்டாள். தன் பெயரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து கடைசி வரை வாசித்தாள். என் வாழ்நாளில் எந்தப் பிரசங்கத்தையும் நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"முப்பதாம் தேதிக்கு இன்னும் ரெண்டே நாளுதாண்டி இருக்கு. உன் கையில விட்டா இது அடுத்த சீசனுக்குத்தான் போய்ச் சேரும். குடு, நாளைக்குக் காலையில நானே கூரியர்ல போடுறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். இந்தப் பின்குறிப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, தலைக்கு மேலே நின்று, "பின்குறிப்புன்னா ரெண்டு வரிதான? என்ன ஒரு பக்கம் போகுது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கவரில் விலாசம் அவள் கையெழுத்து. பின்பக்கம் அதே முயலை வரைந்திருக்கிறாள். குடையைக் காணோம், கையில் பெட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறது. அதன் கீழே தங்களுக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "சார், உங்க கம்பெனியில சனிக்கிழமை அரைநாள் லீவா? சாயங்காலம் பஸ் பிடிச்சா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்துருவேன்."

இதற்கு மட்டும் தாங்கள் போனிலேயே பதில் சொன்னால் போதும் சித்தப்பா. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், "லீவுதான், ஆனா..." என்று சொல்லி மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.